பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது

மாசி 12, திங்கள்

பொங்கலுக்கு கேஸ் ஏஜென்சிக்காரன் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் தலையணைக்கு அடியில் கிடந்தது. நான் படித்தது நாலாங்கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எதையும் எழுதி வைத்துக்கொள்ளும் அவசியம் எனக்கு வந்ததில்லை. எனக்கு ஒன்றும் மறக்காது. மறப்பது மற்றவர்களுக்கு. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுச் சாயந்தரம் மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறிக்கிற கூட்டம். என் கொழுந்தன் மகன் பலவேசம் எல்லோர் முன்னாலும் சொல்கிறான்: "பெரியப்பா காலமான பொறவு வல்லயத்தை நாங்க பறிக்கல. பெரியம்மாதான் எடுத்துக் குடுத்தாவ."

நான் எடுத்துக் கொடுத்தேனாம். என் வீட்டுக்காரர் மாடனுக்குக் கோமரத்தாடி. கொடையன்று மாடன் வந்து இறங்குவது அவர் உடம்பில்தான். அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, என் கொழுந்தன் பச்சைக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மூலையில் சாத்தியிருந்த வல்லயத்தை, மாடனுடைய ஈட்டியை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போனான். என் மகன் அருணாசலம் அப்போது பால்குடி மறக்காத பிள்ளை. "வளரட்டும் மைனி, பாப்போம்" என்றான் கொழுந்தன். வளர்ந்தான். லாரி ஓட்டுகிறான். மாடன் அவன் மேல் வரவில்லை. கொழுந்தனும் போய்ச் சேர்ந்து இப்போது பலவேசம் ஆடுகிறான். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன் உடம்பைக் குலுக்கினால் அது சாமியாட்டமா?

அவருடைய சல்லடம் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஆடும்போது கட்டுகிற, ஓரமெல்லாம் மணி தைத்த சிவப்புக் கால்சட்டை. பின்னறையில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை எடுக்க எவனுக்கும் தைரியம் வரவில்லை.

மருமகள் தங்கேஸ்வரி காலை ஷிப்டு. இறால் கம்பெனியிலிருந்து வரும்போதே வீடு நாறும். பேரன் இசக்கிராஜ் இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு திரிகிறான். கேட்டால் ஸ்டைலாம்.

மாசி 17, சனி

இசக்கி குளியலறைக்குள் போனால் வெளியே வருவதில்லை. தண்ணீர் விழுகிற சத்தமும் இல்லை. கதவைத் தட்டினால் "வாரேன்" என்கிறான். வரும்போது தலை நனைந்திருக்காது.

சோறு இறங்கவில்லை அவனுக்கு. சீனி மட்டும் வேண்டும். காப்பியில் அள்ளி அள்ளிப் போடுகிறான். நேற்று கருப்பட்டியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தான். இருபது வயதுப் பயல், குழந்தை மாதிரி.

அவருடைய வெள்ளி அரைஞாணைக் காணவில்லை. போன மாதம் தங்கேஸ்வரியின் தம்பி வந்து போனான். அவன் கைச் சுத்தம் எனக்குத் தெரியும். கல்யாணத்தன்றே பந்தியிலிருந்து எவர்சில்வர் டம்ளரைத் துண்டில் சுற்றியவன்.

மாசி 23, வெள்ளி

இன்று உச்சிப்பொழுதில் நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

தங்கேஸ்வரி வேலைக்குப் போயிருந்தாள். தெருவில் நாய்கூட இல்லை. பின்வாசல் படியில் இசக்கி உட்கார்ந்திருந்தான். முதலில் கொட்டாவி. நிற்காத கொட்டாவி, தாடை கழன்று விழுகிற மாதிரி. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர். ஆனால் அவன் அழவில்லை. அப்புறம் கழுத்து மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. உரித்த கோழித்தோல் மாதிரி ஆகிவிட்டது உடம்பு. அந்த வெயிலில் பல் கிட்டி நடுங்கினான்.

"என்னல செய்யுது?"

"குளிருது ஆச்சி."

"இந்த வெயில்லயா?"

"உள்ள குளிருது. எலும்புக்குள்ள யாரோ நடமாடுத மாதிரி இருக்கு."

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவருக்கும் இப்படித்தான். மேளம் தொடங்குவதற்கு முன்னால் கொட்டாவி வரும். கண் கலங்கும். மயிர் கூச்செறியும். கொட்டாவி வந்துவிட்டால் மாடன் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் உயிரோடு இருக்கிறேன்.

"யாருலே உனக்குள்ள நடமாடுதது?" என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "யாருன்னு நெனைக்கே?" என்றான். அது அவன் குரலாக இல்லை.

தெருவில் ஒரு பைக் ஹாரன் அடித்தது. நீல பைக். அதை ஓட்டுகிற பயல் ஒருநாளும் வீட்டுக்குள் வந்ததில்லை, முகத்தை நேராகக் காட்டியதில்லை. இசக்கி எழுந்து ஓடினான். நான் அரிசி களைந்து உலை வைப்பதற்குள் திரும்பி வந்துவிட்டான். நடுக்கம் இல்லை, கொட்டாவி இல்லை. கண் பாதி மூடி, உதட்டில் ஒரு சிரிப்பு. மாடன் மலையேறிப் போன பிறகு அவர் முகமும் இப்படித்தான் அமைதியாகிவிடும்.

இத்தனை வருஷம் கழித்து என் வாசலைத் தேடி வந்துவிட்டான்.

மாசி 24, சனி

பின்னறையைக் கழுவி, மஞ்சள் தெளித்து இசக்கிக்குக் கொடுத்துவிட்டேன். சாமி வருகிற உடம்பு தனியாகத்தான் படுக்க வேண்டும். தங்கேஸ்வரியிடம் சொன்னேன், "உனக்கு மாச விலக்கு வரும், இறாலைத் தொட்டுட்டு வாரே. அந்த அறை வாசலைத் தாண்டாதே."

"எம்புள்ளை படுத்துக் கெடக்க ரூமுக்கு நான் போவக்கூடாதா?"

"கொடை முடியட்டும்ளா."

உள்ளே தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது. இசக்கி கேட்டான். ஆசாரியை வரச் சொல்லிப் போட்டுக் கொடுத்தேன்.

பங்குனி 2, ஞாயிறு

அருணாசலம் நாசிக் போய்த் திரும்பி வந்திருக்கிறான். பையன் கன்டெய்னர் யார்டு வேலைக்குப் போகாமல் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். சூப்பர்வைசர் சொன்னாராம். தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போகிறானே, எங்கே போகிறான் என்று கேட்டான்.

"மாடன் கூப்பிடுத எடத்துக்குப் போறான்" என்றேன்.

மகன் என்னையும் பார்த்தான், பின்னறைக் கதவையும் பார்த்தான். லாரிக்காரன் நாலு ஊர் பார்த்தவன், ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தன் மேல் வராத சாமி மகன் மேல் வருகிறது என்றால் எந்தத் தகப்பன் வாயைத் திறப்பான்? கதவை இரண்டு தட்டுத் தட்டினான். "தூங்குதேன்ப்பா" என்று சத்தம் வந்தது. மறுபடி வண்டி ஏறிவிட்டான்.

பங்குனி 9, ஞாயிறு

மணிச் சத்தம் கேட்டது.

உச்சி நேரம். தங்கேஸ்வரி துணி துவைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. பின்னறைக்குள் சல்லடத்து மணி மெல்லச் சிணுங்கியது. நிற்கும். மறுபடி சிணுங்கும். கதவுப் பலகையில் ஒரு விரிசல் இருக்கிறது. கண்ணை வைத்தேன்.

பெட்டி திறந்து கிடந்தது. சல்லடத்தை மடியில் போட்டுக்கொண்டு இசக்கி உட்கார்ந்திருந்தான். தலை மெல்ல மெல்ல முன்னால் சாய்கிறது. நெற்றி தரையைத் தொடப்போகிறது என்று நினைக்கிறேன், தொடவில்லை. அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. மேலேயிருந்து யாரோ முடியைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி. பிறகு அந்த ஆள் மெல்ல இழுத்து நிமிர்த்துகிறான். மணி சிணுங்குகிறது. மறுபடி சாய்கிறது. அவன் வாயோரம் எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

சட்டென்று கண்ணைத் திறந்து விரிசலைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு நடுவில் இருக்கிற கருமணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்த அறையில் வெளிச்சமே கிடையாது.

கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பங்குனி 10, திங்கள்

சாமி வரும்போது அவர் கண் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். பிறகு எழுதுகிறேன். உளுந்து ஊறப்போட வேண்டும்.

பங்குனி 18, செவ்வாய்

தங்கேஸ்வரி வேலைக்குப் போகாமல் வீட்டைப் பெருக்கினாள். பின்னறை ஜன்னலுக்கு வெளியே, சுவரோரம் கிடந்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"அத்தை, இது என்னது?"

ஊசி. மருந்து ஏற்றுகிற ஊசி, மூடி இல்லாமல். கூடவே இரண்டு மாத்திரை அட்டை, எல்லாம் காலி.

"ரோட்டுல கெடந்ததை நாய் கவ்விட்டு வந்திருக்கும்."

"நாய் மாத்திரை அட்டையுமா கவ்வும்?"

"அப்ப உன் தம்பி போட்டிருப்பான். அரைஞாணை வித்தவன் வேற எதைத்தான் செய்யமாட்டான்?"

அவள் கண் கலங்கிவிட்டது. "எங்க வீட்டைச் சொல்லாம உங்களுக்கு ஒரு நாளும் விடியாது. எம்புள்ளை முகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சு தெரியுமா? கதவைத் தட்டுனா நீங்க குறுக்க வந்து நிக்கியோ."

நான் அதையெல்லாம் வாங்கி ஒரு பேப்பரில் சுற்றிச் சாக்கடையில் போட்டேன். வீட்டுக்கு முன்னால் இருக்கிற சாக்கடையில் இல்லை. அடுத்த தெருவில்.

பங்குனி 27, வியாழன்

பலவேசம் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிடாமலே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான்.

"பெரியம்மா, உங்ககிட்ட சண்டைக்கு வரல."

"நீ வராம உங்கப்பனா வருவான்?"

"ஏசுங்க, கேட்டுக்கிடுதேன். இசக்கிய நேத்து பழைய பாலத்துக்கு அடியில பாத்தேன். நாலஞ்சு பயலுவ. என்னைப் பாத்து அவன் சிரிச்சான், ஆனா நான் யாருன்னே அவனுக்குத் தெரியல. பெரியம்மா, எங்க மச்சான் மவன் போன வருசம் இப்படித்தான் போனான். முழுக்கைச் சட்டை, சீனி, ரூமைப் பூட்டிக்கிடுதது, அத்தனையும் இதேதான். நாங்க காதல் தோல்வின்னு நெனச்சோம். குளிப்பாட்டும்போதுதான் கையைப் பாத்தோம்."

"எம்பேரனுக்கு மாடன் வாரான்."

"மாடன் வந்தா எனக்குத் தெரியாதா?"

"உனக்கு எப்படிலே தெரியும்? உனக்குத்தான் ஒரு நாளும் வந்ததில்லையே."

அவன் முகம் சுருங்கியது. பிறகு மெல்லச் சொன்னான். "சரி. வராமலே இருக்கட்டும். வல்லயம் உங்க வீட்டுதுன்னு நான் சபையிலயே சொல்லிருதேன். கொண்டாந்து உங்க கையில குடுத்துருதேன். பயலை மட்டும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இதுக்குன்னு தனி வார்டு இருக்கு, நான் கூட வாரேன்."

வல்லயம் உங்க வீட்டுதுன்னு. தன் வாயால் சொன்னான். அப்போது மணி என்ன, எந்த வீட்டில் மீன் பொரிந்த வாசனை வந்தது, அவன் சட்டையில் எந்தப் பட்டன் இல்லை, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும்.

பயந்துவிட்டான். சாமி இடம் மாறியது அவனுக்குத் தெரிந்துவிட்டது. "பந்தக்கால் நாட்டுத அன்னைக்குக் கொண்டா" என்று சொல்லி அனுப்பினேன்.

சித்திரை 1, திங்கள்

வருஷப்பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி வைத்தேன். இசக்கி ஒரு வாய் வைத்துவிட்டு வாந்தி எடுத்தான். விரதம் இருக்கிற வயிறு.

சித்திரை 12, வெள்ளி

கொடைக்குக் கால் நாட்டினார்கள். கோயில் உப்பளத்துக்கு நடுவில், உடைமரத்தடியில். சுற்றிலும் உப்புக் குவியல். வெயிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை, கண் கூசும். நிழல் கறுப்பாக இராது, நீலமாக இருக்கும்.

பலவேசம் சொன்ன சொல் தவறவில்லை. வல்லயத்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். "ஆஸ்பத்திரிக்குப் போனியளா?" என்று மட்டும் கேட்டான். நான் வல்லயத்தை எடுத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் இசக்கியும் ஆடட்டும், யார் மேல் மாடன் நிற்கிறானோ அவர்களுக்கே வல்லயம், அதுவரை அது கோயிலில் இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். காப்புக் கட்டக் கையை நீட்டச் சொன்னார் பூசாரி. இசக்கி சட்டைக் கையைச் சுருட்டவில்லை.

"சட்டைய மேல ஏத்துப்பா. மஞ்சக்கயிறு தோல்ல படணும்."

"இப்படியே கெட்டுங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு. நான் முன்னால் போய், "மாடன் கையைக் காட்ட மாட்டான். கெட்டும் ஓய்" என்றேன். சட்டைக்கு மேலேயே கட்டினார்கள். இப்படி ஒரு காப்பு நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது தங்கேஸ்வரி அவன் தலையைக் கோதப் போனாள். தடுத்தேன். "காப்புக் கட்டியாச்சு. இனிமே தொடக்கூடாது. சாமி விழுந்து கெடந்தாலும் பூசாரி திருநீறு போடுத வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அதிலயும் தாலியறுத்தவ நான், என் நெழலே படக்கூடாது. பேரைச் சொல்லி மட்டும் கூப்பிட்டுறாதே. கூப்பிட்டா மாடன் அந்த நிமிசமே போயிருவான், அப்புறம் அந்த வீட்டுப் பக்கமே வரமாட்டான்."

"பேரைச் சொல்லாம எம்புள்ளைய நான் என்னன்னு கூப்பிட?"

"கூப்பிடாதே."

சித்திரை 16, செவ்வாய்

மதியம் கதவு தாழிடாமல் கிடந்தது. உள்ளே போனேன். தூக்கம். சட்டைக் கை ஒன்று தானாகவே முழங்கைக்கு மேல் ஏறியிருந்தது. முழங்கை மடிப்பில் புள்ளி புள்ளியாக, கறுத்தும் சிவந்தும். ஒன்றில் சீழ்.

கொசுக்கடி. உப்பளத்துக் கொசு அப்படிக் கடிக்கும்.

சட்டையை இழுத்து மூடும்போது, தொடக்கூடாது என்று சொன்ன என் விரலே பட்டுவிட்டது. அவன் கை தண்ணீர்ப் பானை மாதிரி சில்லென்று இருந்தது.

சித்திரை 18, வியாழன்

நாளை மதியக் கொடை. சல்லடத்து மணிகளைப் புளி போட்டு விளக்கினேன். தூக்கமே இல்லை இரண்டு நாளாக.

சித்திரை 20, சனி

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று உச்சிப்பொழுது. வில்லுப்பாட்டில் மாடன் பிறந்த கதை முடிந்து மேளம் ஏறிவிட்டது. பலவேசம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தான். இசக்கி, உடுப்பு மாற்ற வேண்டும் என்று கோயிலுக்குப் பின்னாலிருந்த உப்புக் கொட்டகைக்குப் போனான். கொட்டகைக்கு அந்தப் பக்கம் நீல பைக் நின்றது. பார்த்தேன்.

வெகுநேரம் கழித்து வந்தான். அவருடைய சல்லடம் அவன் இடுப்பில் நிற்கவில்லை, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். மாடன் முன்னால் வந்து நின்றான். ஆடவில்லை. அந்த மேளத்துக்கு எலும்பும் தோலும் ஆடும். இவன் காற்றில் துணி அசைகிற மாதிரி அசைந்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு. பிறகு முட்டி மடங்கி மெல்ல உட்கார்ந்தான். உட்கார்ந்து, சாய்ந்து, உப்பு மண்ணில் மல்லாந்து படுத்துவிட்டான்.

"மாடன் படுத்துட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். ஒரே குலவை. பெண்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். பலவேசம் வீட்டுப் பெண்கள், என் ஓரகத்தி, எல்லாரும். "பொன்னுக்கிளி வீட்டுக்கே திரும்பி வந்துட்டாருய்யா" என்று என் பெயரைச் சொல்லிச் சொன்னார்கள். பூசாரி வல்லயத்தை எடுத்து அவன் பக்கத்தில் வைக்கப் போனார். நான் எத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தைக்காகக் காது கொடுத்திருந்தேன். கேட்டேன். உடம்பெல்லாம் கேட்டது.

அப்போது ஒரு ஈ வந்து இசக்கியின் கண்மேல் உட்கார்ந்தது. பாதி திறந்திருந்த கண். ஈ அந்த வெள்ளைமேல் நடந்தது. இமை அசையவில்லை.

அவர் விழுந்தால் நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கும். வேர்வை ஊற்றும், படுத்திருந்த மண் ஈரமாகி அச்சு விழும். தொட்டவர்கள் கை சுடுகிறது என்பார்கள். கண் அகல விரிந்து கருமணியே கண்ணை நிறைத்திருக்கும். கடுகு மாதிரி இருந்ததில்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. எனக்கு இதெல்லாம் இந்த ரெண்டு மாதமும் ஞாபகம் இருந்தது.

இசக்கிக்குக் கீழே மண் காய்ந்து கிடந்தது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி. நகமும் அந்த நிறம். நெஞ்சைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஏறவில்லை.

தங்கேஸ்வரி கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். நான் சொன்னபடி, கூப்பிடாமல்.

நான் உள்ளே போனேன். "ஏ, தாலியறுத்தவ உள்ள போறா, பிடிங்க" என்று பின்னால் சத்தம் கேட்டது. பக்கத்தில் மண்டிபோட்டேன். என் நிழல் அவன் மேல் முழுவதும் விழுந்தது.

"ஏல இசக்கி! இசக்கிராஜூ!"

மேளம் நின்றுவிட்டது. உப்பளத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

"ஏல, எந்திரில! இசக்கி! இவன் மேல சாமி இல்லய்யா. மருந்துய்யா. எம்புள்ளை செத்துக்கிட்டு கெடக்கான், தூக்குங்க!"

"கெழவி சாமியக் கலைச்சிட்டாளே" என்று ஒருத்தன் திட்டினான். யாரும் பக்கத்தில் வரவில்லை. காப்புக் கட்டிய உடம்பைத் தொட எல்லோருக்கும் பயம். தங்கேஸ்வரி மட்டும் ஓடிவந்து அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

அப்போது மணிச் சத்தம். பலவேசம். ஆட்டம் இன்னும் அவன் உடம்பைவிட்டு இறங்கவில்லை. கண் விரிந்து, வாயில் நுரை, நெஞ்சு துருத்தி மாதிரி. எங்களுக்கு முன்னால் வந்து நின்றான். என்னைப் பார்த்து, "தாயி, இவன்கிட்ட நான் இல்ல" என்றான். பலவேசத்தின் குரல் எனக்குத் தெரியும், அவன் பிறந்த அன்றே கேட்டது. அது அந்தக் குரல் இல்லை. குனிந்து இசக்கியை ஒரு உப்பு மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளை வெயிலுக்குள் ரோட்டைப் பார்த்து ஓடினான். சல்லடத்து மணி இரண்டு பேர் இடுப்பிலும் குலுங்கியது.

லோடு ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது மூச்சு இருக்கிறதா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஊசி போட்டார்கள். இன்னொன்று போட்டார்கள். அவன் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறவன் மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சை இழுத்தான்.

சித்திரை 21, ஞாயிறு

பலவேசம் சட்டை போட்டுக்கொண்டு, முகம் கழுவி, டீ வாங்கி வந்தான். நான் கேட்டேன்.

"தூக்கிட்டு ஓடுனது நீயாலே, மாடனாலே?"

"தெரியல பெரியம்மா. ஆட்டோவுல ஏறுனதுல இருந்துதான் எனக்கு ஞாபகம் இருக்கு."

அவன் கொடுத்த டீயைக் குடித்தேன். சீனி அதிகம். சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். அந்த வார்டில் மனசுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலராம். பேப்பரை வைத்துக்கொண்டு தங்கேஸ்வரியிடம் கேட்டாள். "பையன்கிட்ட எப்ப இருந்தும்மா மாற்றம் தெரிஞ்சுது? என்னென்ன மாற்றம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. விடியமுன்ன கம்பெனிக்குப் போயிருவேன். வந்தா ரூமு பூட்டியிருக்கும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். தை கடைசியிலிருந்தே முழுக்கைச் சட்டை. சோறு குறைந்தது, சீனி கூடியது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் இல்லாதது. அரைஞாண். நீல பைக். கொட்டாவியும் குளிரும், பைக் வந்து போனதும் அது நின்றதும். வேலைக்குப் போகாதது. உட்கார்ந்தபடியே தலை தொங்கியது. கருமணி. வாந்தி. ஊசி, மாத்திரை அட்டை, அதை நான் எந்தத் தெருச் சாக்கடையில் போட்டேன் என்பது. கையில் புள்ளி. சில்லென்ற தோல். எந்த நாள், எந்த நேரம், அவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று எல்லாம்.

அந்தப் பெண் எழுதுவதை எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

தங்கேஸ்வரி கேட்டாள். "அம்புட்டும் பாத்தியளா அத்தை?"

"பாத்தேன்."

அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் எழுந்து போய் சன்னல் பக்கம் நின்றுகொண்டாள். அருணாசலத்துக்கு போன் போட்டு, "மெதுவா ஓட்டிட்டு வாங்க, உசுரோடதான் இருக்கான்" என்றாள்.

சித்திரை 25, வியாழன்

இசக்கி கண் விழித்துப் பேசுகிறான். கொட்டாவி, மூக்கு ஒழுகல், உடம்பு முறுக்கல் எல்லாம் மறுபடி. இது மருந்தை விடுகிறபோது வருவதாம், பத்து நாள் இருக்குமாம். அதற்கு அப்புறம் வேறொரு இடத்தில் மாதக்கணக்காக இருக்க வேண்டுமாம். போவேன் என்றும் சொல்கிறான், போகமாட்டேன் என்றும் சொல்கிறான்.

மதியம் நானும் அவனும் மட்டும் இருந்தோம்.

"எதுக்கு ஆச்சி என்னைய கூப்பிட்டே?"

"கேட்டுச்சா?"

"தூரத்துல கேட்டுச்சு. அங்க நல்லாருந்துச்சு. ஒரே வெள்ளை. ஒண்ணும் வலிக்கல. ஆரும் இல்ல. நீ கத்திக் கெடுத்துட்டே."

"கெடுப்பேன்ல. இன்னும் கெடுப்பேன்."

"மாடன் வாரான்னு நீ சொன்னப்ப எனக்குச் சிரிப்பா வந்துச்சு. பொறவு பயமா இருந்துச்சு. நீ கண்டுபிடிச்சு அடிப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ கும்புட்டே."

 அந்த நீல பைக் பயல் பெயர் என்ன என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்லாவிட்டால் என்ன. அவன் ஒல்லி, இடது காதில் கடுக்கன், பைக் நம்பரில் கடைசி எண் அழிந்திருந்தது. எனக்கு மறக்காது. ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடமும் சொல்லியாயிற்று.

அவன் கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் பொறுத்தேன்.

"இசக்கி."

"ம்."

நர்ஸ் வந்து ஒரு பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள். ஃபேன் சுற்றுகிற சத்தம். அவன் முகம் மறுபடி அமைதியாகிக்கொண்டே வந்தது.

"இசக்கி. ஏல."

பதில் இல்லை. எழுந்துவிட்டேன். "இசக்கிராஜூ!"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சாகல ஆச்சி" என்றான் கண்ணைத் திறக்காமல். "தூங்க விடு."

தூங்க விட்டேன். என் கையை மட்டும் அவன் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.